டி. பிரதீப்: நிறை நிறமாலையியலும் மேற்பரப்பு ஆய்வும்

டி. பிரதீப் (பிறப்பு: 1963) சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றும் வேதியியலாளர். குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லியையும் ஆர்சனிக்கையும் நீக்கும் நானோ பொருள்களை உருவாக்கியவர் என்றே பலருக்கும் அவரைத் தெரியும். அவருடைய ஆய்வின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. மின்னேற்றம் பெற்ற துகள்களை ஒரு பரப்பின்மீது மோதவிட்டு, அங்கிருந்து தெறித்து வருபவற்றின் நிறையை அளக்கும் துறை அது. நீர் வடிகட்டியும் விண்வெளிப் பனியும் ஒரே ஆய்வகத்தில் இடம்பெறுவது வியப்பாகத் தோன்றலாம். இரண்டிலும் வேதிவினை நடப்பது பொருளின் மேல் அடுக்கில்தான் என்று பார்த்தால் அந்த வியப்பு நீங்கும்.

பயிற்சி

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள பந்தாவூரில் பிறந்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆர். ராவ், எம்.எஸ். ஹெக்டே ஆகியோரிடம் ஒளிஎலெக்ட்ரான் நிறமாலையியலில் ஆய்வு செய்து 1991இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் பெர்க்லியிலும் பர்டியூ பல்கலைக்கழகத்திலும் பயிற்சி பெற்று, 1993இல் சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார்.

இவற்றில் பர்டியூ காலத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அங்கு அவருக்கு வழிகாட்டிய கிரகாம் குக்ஸ், அயனிகளைச் சிதைக்காமல் ஒரு பரப்பில் மெல்ல இறக்கும் முறையை 1970களிலேயே முன்வைத்தவர். குக்ஸின் குழு 2004இல் வெளியிட்ட, மின்னேற்றிய திரவத் துளிகளைத் தெளிக்கும் மின்தெளிப்பு முறையில், வெற்றிட அறைக்கு வெளியே, திறந்த காற்றில் இருக்கும் பொருளின் பரப்பிலிருந்தே மூலக்கூறுகளை நேரடியாக எடுத்து அளக்க முடிந்தது. குக்ஸ், பிரதீப் கூட்டாய்வு அதன் பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது.

பனியின் மேல் அடுக்கு

வேகமாக வரும் அயனி திண்மப் பொருளுக்குள் புதைந்து, வழியில் உள்ளதையெல்லாம் கலைத்துவிடும். அதன் ஆற்றலைச் சில எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் குறைத்தால், மேலே இருக்கும் ஓரிரு மூலக்கூறு அடுக்குகளோடு அதன் தாக்கம் நின்றுவிடும். அவ்வளவு மெதுவான அயனிக் கற்றையை நிலையாக உண்டாக்குவதுதான் கடினம். 1 முதல் 10 எலெக்ட்ரான் வோல்ட் வரையிலான கற்றையைத் தரும் கருவியைப் பிரதீப்பின் குழு சென்னையில் அமைத்து, 2014இல் அதன் விவரத்தை வெளியிட்டது. மிகக் குளிர்ந்த உலோகத் தகட்டின்மீது நீராவியைப் படியவிட்டு உண்டாக்கும் பனிப்படலத்தை ஆராய அது உதவியது.

இந்த வழியில் வந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது 2019இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வெளியானது. நீர் மூலக்கூறுகள் கூண்டாக அமைந்து மீத்தேன் போன்ற வாயுவை உள்ளே அடைத்துக்கொள்ளும் பொருளுக்குக் கூண்டு நீரேறி என்று பெயர். பூமியில் இது ஆழ்கடலடியிலும் உறைநிலத்திலும் உயர்ந்த அழுத்தத்தில் உருவாகிறது. வளிமண்டல அழுத்தத்தில் பத்து இலட்சம் கோடியில் ஒரு பங்கே இருக்கும் வெற்றிடத்தில், மைனஸ் 243 டிகிரி செல்சியஸில் மீத்தேனும் மைனஸ் 263 டிகிரியில் கார்பன் டைஆக்சைடும் அவ்வாறு கூண்டுக்குள் அடைபடுவதைக் கண்டதாகக் குழு அறிவித்தது. விண்மீன்களுக்கிடையே உள்ள தூசுகளின்மேல் படிந்த பனியிலும் இது நிகழலாம் என்பது அதன் உட்பொருள். இதற்குப் போதிய சான்று இல்லை என்று வேறோர் ஆய்வுக் குழு அதே இதழில் மறுப்பு எழுதியது. பிரதீப்பின் குழு பதிலளித்தது. அகச்சிவப்பு நிறமாலையில் தெரியும் சிறு நகர்வை எப்படிப் பொருள்கொள்வது என்பதைப் பொறுத்த விவாதம் இது. இவ்வளவு மெல்லிய அடையாளத்தைக் கொண்டு முடிவு சொல்லும் துறையில் இத்தகைய மறுப்பு ஆரோக்கியமானது.

கொத்துகளும் தண்ணீரும்

எண்ணிச் சொல்லக்கூடிய அளவு அணுக்களே கொண்ட உலோகக் கொத்துகள் அவருடைய மற்றொரு களம். 25 தங்க அணுக்களைக் கந்தகம் கொண்ட மூலக்கூறுகள் போர்த்தியிருக்கும் கொத்தையும், அதே அமைப்புள்ள வெள்ளிக் கொத்தையும் ஒரே கரைசலில் கலந்தால், இரண்டும் தம் அணுக்களை மாற்றிக்கொள்கின்றன. இதை 2016இல் அவருடைய குழு காட்டியது. தங்கக் கொத்திலிருந்து ஓர் அணு வெளியேறி வெள்ளி அணு உள்ளே வந்தால் கொத்தின் நிறை 89 அலகு குறையும். அந்த 89இன் படிகளை நிறை நிறமாலையில் ஒவ்வொன்றாகக் காணலாம். இரு கொத்துகளும் ஒட்டியிருக்கும் இடைநிலையும் அதில் பதிவானது. உலோகத் துண்டுகளை மூலக்கூறுகளாகவே கருதி வினைச் சமன்பாடு எழுதலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

நீர்த் தூய்மைப் பணியும் உலோகப் பரப்பில் தொடங்கியதே. வெள்ளி நானோ துகள்கள் கார்பன் டெட்ராகுளோரைடைச் சிதைத்து, வெள்ளிக் குளோரைடாகவும் கரியாகவும் மாற்றுவதை அவரும் மாணவரும் 2003இல் வெளியிட்டனர். இந்தியாவில் புட்டித் தண்ணீரிலும் குளிர்பானத்திலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகப் பெரும் சர்ச்சை எழுந்த ஆண்டு அது. எண்டோசல்ஃபான், மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ் ஆகிய பூச்சிக்கொல்லிகளுக்கும் அந்த வேதியியல் விரிவாக்கப்பட்டு, சில ஆண்டுகளில் வீட்டு வடிகட்டியாகச் சந்தைக்கு வந்தது. அடுத்து வந்தது ஆர்சனிக். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானில் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடைப் பொதித்து உருவாக்கிய மணிகள், உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குக் கீழே ஆர்சனிக்கைக் கொண்டுவருகின்றன. அவற்றை நீரிலேயே, சாதாரண வெப்பநிலையில் தயாரிக்கலாம். பிரதீப் 2008இல் பட்நாகர் விருதும் 2020இல் பத்மஸ்ரீயும் பெற்றார்.

துளிக்குள் உடையும் கல்

மின்தெளிப்பில் தோன்றும் நுண்துளிகள் நிறைமானிக்குள் மூலக்கூறுகளைக் கொண்டுசேர்க்கும் ஊர்தி என்றே முதலில் கருதப்பட்டன. பல வினைகள் அந்தத் துளிக்குள் மிக விரைவாக நடப்பது தெரிந்த பிறகு துளியே ஆய்வுப்பொருள் ஆனது. துளியை உண்டாக்கத் தேவைப்படும் மின்னழுத்தத்தைக் குறைக்கவும் பிரதீப்பின் குழு முயன்றது. வழக்கமாகச் சில ஆயிரம் வோல்ட் கேட்கும் காகிதத் தெளிப்பில் கார்பன் நானோகுழாய் பூசிய காகிதத்தைப் பயன்படுத்தி, 3 வோல்ட்டிலேயே மூலக்கூறுகளை அயனியாக்கியது. குக்ஸும் இணைந்த இந்த ஆய்வு 2014இல் வெளியானது.

2024 மே மாதம் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை இன்னும் துணிச்சலானது. மைக்ரோமீட்டர் அளவுள்ள குவார்ட்ஸ், மாணிக்கம் போன்ற இயற்கைக் கனிமத் துகள்கள், மின்னேற்றம் பெற்ற நீர்த்துளிக்குள் சில மில்லி நொடிகளில் 5 முதல் 10 நானோமீட்டர் துகள்களாக உடைவதை அது விவரித்தது. அரைப்பதோ சூடாக்குவதோ இல்லை. புரோட்டான்கள் படிகத்துக்குள் புகுந்து, மின்புலத்தில் அதன் அடுக்குகள் சறுக்கி விலக வழிசெய்கின்றன என்று பெங்களூரைச் சேர்ந்த உமேஷ் வாக்மரே உள்ளிட்டோரின் கணினிக் கணக்கீடு காட்டியது. பிளவின்போது உதிரும் சிலிக்கேட் துண்டுகள் நிறை நிறமாலையிலும் தெரிந்தன. காற்றில் மிதக்கும் மின்னேற்றத் துளிகளிலும் இவ்வாறு நடந்தால் மண் உருவாவதில் அதற்குப் பங்கிருக்கலாம் என்று கட்டுரை கூறுகிறது. தெளிப்பு ஊசியின் முனையில் உள்ள மின்புலமும் மேகத்திலோ அலைத் தூறலிலோ உள்ள மின்புலமும் ஒன்றல்ல என்பதால், இயற்கையில் அந்தப் பங்கு எவ்வளவு என்பதை இனி வெளியிடங்களில் அளந்துதான் சொல்ல முடியும்.