கார்த்தியே தொகுதியின் வரலாறு

கனடாவின் மொன்றியல் நகரிலே சென் லோறன்ற் பெருவீதி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. அவ்வீதிக்கு மேற்கே பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரும், கிழக்கே பிரெஞ்சு பேசுவோரும் வாழ்ந்தனர். இரு சாராருக்கும் இடையே, வீதியின் இருமருங்கிலும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகள் நெருங்கிக் குடியிருந்தனர். தையற்சாலைகளிலே ஊசியும் நூலுமாய் உழைத்த இம்மக்கள் யித்திஷ் மொழி பேசினர். 1907ஆம் ஆண்டு முதல் அம்மொழியிலே பத்திரிகை ஒன்றும் நடத்தினர். சமஷ்டிப் பாராளுமன்றத்திலே இவர்களுடைய குரலாய் அமைந்தது கார்த்தியே தொகுதி.

1867ஆம் ஆண்டின் சமஷ்டி அமைப்பை உருவாக்கியோருள் ஒருவரான ஜோர்ஜ் எற்றியேன் கார்த்தியேயின் பெயரே தொகுதிக்கு இடப்பட்டது. முதலில் அவருடைய முழுப்பெயரையும் தாங்கிய தொகுதியொன்று இருந்தது. 1917ஆம் ஆண்டுத் தேர்தலிலே அதனைக் கைப்பற்றியவர் சாமுவேல் ஜேக்கப்ஸ் என்னும் லிபரல் கட்சிச் சட்டத்தரணி. 1924இல் எல்லைகள் திருத்தப்பட்டுக் கார்த்தியே என்னும் சுருங்கிய பெயருடன் புதிய தொகுதி தோன்றியபோது, 1925இல் அதற்கும் அவரே அங்கத்தவரானார். 1938இல் இறக்கும்வரை அவர் தோல்வி கண்டதில்லை.

ஜேக்கப்ஸின் செல்வாக்கு கட்சியால் மாத்திரம் வந்ததன்று. கியூபெக் மாகாணத்துப் பாடசாலைகள் கத்தோலிக்கர்க்கும் புரொட்டஸ்தாந்தர்க்கும் எனப் பிரிந்து கிடந்தன. யூதப் பிள்ளைக்கு இரண்டிலும் உரித்தில்லை. திறமையால் உபகாரச் சம்பளம் பெறத் தகுதியடைந்த யூத மாணவன் ஒருவனுக்கு, அவன் தந்தை நிலவுடைமையாளர் அல்லர் என்னும் காரணத்தால் அது மறுக்கப்பட்டது. அவனுக்காக வாதாடியோருள் ஜேக்கப்ஸ் ஒருவர். வழக்குத் தோற்றது, ஆயினும் அதன் விளைவாக 1903இல், கல்வி விடயத்தில் யூதரைப் புரொட்டஸ்தாந்தருக்கு ஒப்பாகக் கொள்ளும் சட்டம் பிறந்தது. தோற்ற வழக்கொன்று சட்டத்தைப் பெற்றுத் தந்தமை, ஆசிரியராயுள்ளோர் சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது.

ஜேக்கப்ஸுக்குப் பின் பீற்றர் பேர்க்கோவிச் போட்டியின்றித் தெரிவானார். மாகாணச் சட்டசபையிற் பல்லாண்டு இருந்த அவர் 1942 டிசம்பரிலே காலமானார். அதனால் நேர்ந்த உபதேர்தலே இத்தொகுதியைத் தேசம் முழுவதும் அறியச் செய்தது.

1943 ஆகஸ்ட் 9ஆந் திகதி நடைபெற்ற அவ்வுபதேர்தலிலே முக்கியமான நால்வர் போட்டியிட்டனர். லிபரல் கட்சியின் சார்பில் நின்றவர் லாசரஸ் பிலிப்ஸ் என்னும் புகழ்பெற்ற சட்டத்தரணி. சமவுடைமைக் கட்சியான கூட்டுறவுப் பொதுநல சம்மேளனத்தின் சார்பில் அதன் தேசியச் செயலாளர் டேவிட் லூயிஸ் நின்றார். அவரோ சிறுவனாய் வந்து மொன்றியலில் வளர்ந்து, ஒக்ஸ்போட் வரை சென்று கற்றவர். கட்டாய இராணுவ சேவையை எதிர்த்த பிரெஞ்சு மக்களின் சார்பில் போல் மாசே வந்தார். நான்காமவர் பிரெட் றோஸ். போலந்திலே பிறந்த மின்தொழிலாளி, கம்யூனிஸ்ட்.

யூத வாக்குகள் மூன்றாய்ப் பிரிந்தால் மாசே வெல்லக்கூடும் என்னும் அச்சம் ஒருபுறம். ஹிட்லரின் படைகளைச் சோவியத் படைகள் ஸ்டாலின்கிராட்டில் முறியடித்துச் சில மாதங்களே சென்றிருந்தமை மறுபுறம். போலந்திலே உற்றாரை விட்டுவந்தவர்களுக்கு அச்செய்தி வெறும் யுத்தச் செய்தியாக இருந்திருக்க முடியாது. றோஸ் 150 வாக்குகளால் மாசேயை வென்றார். லூயிஸ் நான்காவதாக வந்தார். பதிவான வாக்குகளில் மூன்றிலொரு பங்கும் றோஸுக்குக் கிடைக்கவில்லை என்பதை மறந்து, தொகுதி முழுவதும் செந்நிறமாயிற்று என எழுதுவது பொருந்தாது. எனினும் 1945ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலும் அவரே வென்றார்.

அவ்வாண்டு செப்டெம்பரிலே ஒட்டாவாவிலிருந்த சோவியத் தூதரக உத்தியோகத்தர் இகோர் கூசெங்கோ, இரகசியப் பத்திரங்களுடன் வெளியேறினார். அப்பத்திரங்களின் வழியே 1946 மார்ச்சில் றோஸ் கைதானார். ஜூனிலே உத்தியோகபூர்வ இரகசியச் சட்டத்தின்கீழ் ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1947 ஜனவரி 30ஆந் திகதியே சபை அவருடைய ஆசனம் வெற்றிடமானதென அறிவித்தது. மார்ச் இறுதியில் உபதேர்தல் நடக்கும்வரை, ஏறக்குறைய ஒன்பது மாதங்கள், தொகுதி மக்களுக்காகச் சபையிற் பேச எவரும் இருக்கவில்லை. அங்கத்தவரின் குற்றத்துக்கு வாக்காளரும் தண்டனை அனுபவித்தனர் என்றே கூறவேண்டும். றோஸ் 1951இல் விடுதலையாகிப் பின்னர் போலந்து சென்றார். 1957இல் அவருடைய கனடியப் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது. 1983இல் அங்கேயே இறந்தார்.

அதன்பின் தொகுதி மீண்டும் லிபரல் கட்சியிடம் அமைதியாய்த் திரும்பியது. மோறிஸ் ஹார்ற், அவருக்குப் பின் 1950 முதல் லியோன் கிறெஸ்ற்றோல், 1963இல் மில்ற்றன் கிளைன் என்போர் வந்தனர். இவர்களுட் கிளைன், இனவெறுப்புப் பிரசாரத்தைத் தண்டிக்கும் சட்டமூலமொன்றை 1964இல் முன்வைத்தவர். அது நிறைவேறவில்லை; ஆயினும் 1970இல் அப்பொருள் பற்றிய சட்டம் உருவாதற்கு வழிகோலியவற்றுள் அதுவும் ஒன்று. 1925 முதல் 1968 வரை கார்த்தியேயின் அங்கத்தவர் அறுவரும் யூதரே. றோஸ் ஒருவர் தவிர ஏனையோர் லிபரல் கட்சியினர்.

ஆனால், மக்கள் நிலையாய் நிற்கவில்லை. தையற்றொழிலாளரின் பிள்ளைகள் படித்து உத்தியோகமும் வியாபாரமும் கண்டு, மேற்கே ஸ்னோடன், கோற் சென் லுக் ஆகிய பகுதிகளில் வீடு வாங்கினர். அவர்கள் விட்ட வீடுகளில் கிரேக்கரும் போர்த்துக்கேயரும் குடியேறினர். அதுகாறும் தொகுதி எல்லைகளைப் பாராளுமன்றமே வகுத்து வந்தது. அங்கத்தவர் தத்தம் தொகுதியைக் காத்துக்கொள்ள இடமுமிருந்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வதிகாரத்தைச் சுயாதீன ஆணைக்குழுக்களிடம் ஒப்படைத்தது. 1966இல் வெளிவந்த புதிய வகுப்பிலே கார்த்தியேக்கு இடமில்லை. 1968ஆம் ஆண்டுத் தேர்தலோடு அது மறைந்தது.

வெளியேறிய வாக்காளர் பலர் சேர்ந்த மவுன்ற் றோயல் தொகுதி, 1965இல் பியர் ட்ரூடோவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. மூன்றாண்டுகளில் அவர் பிரதம மந்திரியானார். கார்த்தியேயில் நான்காவதாக வந்த டேவிட் லூயிஸ், ரொறன்ரோத் தொகுதியொன்றின் மூலம் 1962இல் சபை புகுந்து, 1971இல் புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவராகி, அதே ட்ரூடோவின் எதிர்வரிசையில் அமர்ந்தார்.