மேசை ஏறிய சுவாமி வெள்ளி

1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் எட்வர்டு தூத்துக்குடியில் கரையிறங்கி, ரயிலில் மதுரை, திருச்சி வழியாகச் சென்னைக்குப் போனார். அந்தப் பயணத்தில் இளவரசருக்கு வந்து குவிந்த பரிசுகளில் சென்னை பி.ஆர் அண்ட் சன்ஸ் கடை செய்துகொடுத்த வெள்ளித் தேநீர்ச் செட்டும் ஒன்று. அதன் வடிவம் சீமையுடையது, வேலைப்பாடோ நம் கோயில் மண்டபத்துடையது. வெள்ளைக்காரர்கள் இதைச் சுவாமி வேலைப்பாடு என்றே அழைத்தார்கள்.

பதமாகக் காய்ச்சிய வெள்ளித் தகட்டை அரக்குப் படுகையில் பதித்துப் பின்பக்கம் தட்டினால் உருவம் முன்னே புடைத்து வரும். பிறகு தகட்டைத் திருப்பி, முகமும் நகையும் ஆடை மடிப்புமாகச் சிற்றுளியால் செதுக்குவார்கள். அடி பிசகினால் தகடு கிழிந்துபோகலாம். பழைய சென்னைக் கெண்டிகளில் படமெடுத்த நாகமே கைப்பிடியாக வளைந்து நிற்பதுண்டு. தேநீர் ஊற்றுகிறவர் விரல் படுவது பாம்பின் உடலில்தான்!

இதோடு ஒப்பிட இன்னொரு செட்டு உண்டு. பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் 1922-இல் வந்த வேறொரு இங்கிலாந்து இளவரசரின் விருந்துக்கு ஏறத்தாழ 1,400 வெள்ளி உருப்படிகளை லண்டன் கடையில் செய்யச் சொன்னார். 2013-இல் அவை கிறிஸ்டீஸ் ஏலத்தில் 19 லட்சம் பவுண்டுக்கு மேல் போயின. கம்பீரமான செட்டுதான். ஆனாலும் கைவேலையில் சென்னைக் கெண்டியே ஒரு படி மேல்.

மனத்தை உறுத்துவது வேறொன்று. பாத்திரத்தின் அடியில் கடையின் முத்திரை இருக்கிறது. தட்டிய ஆசாரியின் பெயர் எங்குமில்லை. அவர் கையை நாம் அறிவது அந்தப் புடைப்பு ஒன்றில்தான், அதுவும் நம் கையாலேயே தேய்ந்துபோகிறது. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பேற்றும். திருநீறு போட்டுத் துலக்குவது நம் வழக்கம். மெதுவாகத் துலக்கினால் கெடுதல் குறைவு. பளபளப்புக்காக அழுத்தித் தேய்த்தால் முதலில் சுவாமியின் மூக்கு போகும், அடுத்து முழி. பள்ளத்தில் தங்கிய கறுப்பை அப்படியே விடுவது நல்லது, உருவம் எடுப்பாகத் தெரிவதே அதனால்தான்.

போடி, கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் என்று ஜமீன்கள் இருந்த மண் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வட்டாரம். பழைய வீடுகளில் சந்தனக் கிண்ணமோ பன்னீர்ச் செம்போ இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உருக்குகிற கடையில் கிராமுக்குத்தான் விலை, வேலைப்பாட்டுக்குக் காசில்லை. முத்திரை தெரிய ஒரு படம், எடை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தது என்ற இரண்டு வரி, இவ்வளவும் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்கக்கூடியவை.