17 சென்டிமீட்டர் சதுரம்

சின்னதாக ஒரு டெஸ்க்டாப் கட்ட நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்வது பிராசஸரை அல்ல, அளவை. மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு என்றால் 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர். கேபினட், எஸ்எம்பிஎஸ், ஹீட்சிங்க் எல்லாம் அந்தச் சதுரத்தைப் பார்த்துத்தான் அமையும். இந்த அளவைக் கொடுத்தது இன்டெல் இல்லை. இன்டெலோடு மோதி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தைவான் கம்பெனி வியா.

1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் போர்டு 30.5 செ.மீ. நீளம், 24.4 செ.மீ. அகலம். சவுண்டுக்கு ஒரு கார்டு, மோடத்துக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று என்று அப்போது அத்தனை இடமும் தேவைப்பட்டது. 2001 வாக்கில் இதில் பெரும்பாலானவை போர்டுக்குள்ளேயே வந்துவிட்டன. பெட்டி மட்டும் அதே பெட்டி. உள்ளே பாதி வெறும் காத்து.

வியாவிடம் இருந்த சி3 பிராசஸர் வேகத்தில் பென்டியம் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் அதிகம் சூடாகாது. அந்தக் குறையை வைத்தே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2001 நவம்பரில் மினி ஐடிஎக்ஸ் அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த ஈபியா போர்டுகளில் 533 மெகாஹெர்ட்ஸ் மாடலுக்கு ஃபேனே கிடையாது.

என்னைக் கேட்டால், வியாவின் கெட்டிக்காரத்தனம் அளவில் இல்லை, திருகு ஓட்டைகளில் இருக்கிறது. நான்கு ஓட்டைகளையும் ஏடிஎக்ஸ் ஓட்டைகளோடு பொருந்தும்படி வைத்தார்கள். பழைய கேபினட்டிலும் மாட்டலாம், ரேடியோப் பெட்டிக்குள்ளும் மாட்டலாம். நிறைய பேர் அப்படி மாட்டவும் செய்தார்கள். பின்னால் 2004-இல் இன்டெலே பிடிஎக்ஸ் என்று புது அமைப்பு கொண்டுவந்தது. அதற்கென்று தனிக் கேபினட் வாங்க வேண்டியிருந்தது. 2006-இல் அதைக் கைவிட்டார்கள்.

போர்டு சின்னதாகிவிட்டது சரி, கரண்ட்? சாதாரண எஸ்எம்பிஎஸ் ஒன்றே 15 செ.மீ. அகலம், 8.6 செ.மீ. உயரம். எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன வடிவம் 1990-களிலேயே இருந்தது, ஆனால் கேம் ஆடுகிற மெஷினைத் தாங்குகிற வாட் அதில் ரொம்ப நாள் கிடைக்கவில்லை. சில்வர்ஸ்டோன் 450, பிறகு 600 வாட் என்று கொண்டுவந்ததும்தான் ஆட்டம் மாறியது. பெரிய கம்பெனிகள் கேபினட் செய்யவில்லை என்று ஆர்வலர்களே வரைந்து, ஆன்லைனில் பணம் திரட்டினார்கள். 2013-இல் என்கேஸ் எம்1: 12.6 லிட்டர். 2016-இல் ஜெர்மனியிலிருந்து டான் ஏ4: வெறும் 7.2 லிட்டர். (ஆமாம், இவர்கள் கம்ப்யூட்டரைக் குடம் மாதிரி லிட்டரில்தான் அளப்பார்கள்.) டான் ஏ4-இல் கிராஃபிக்ஸ் கார்டு போர்டின் முதுகுப்பக்கம் போய்விட்டது, நடுவில் ஒரு ரைசர் கேபிள். அதற்குக் கொடுத்த விலை, பிராசஸர் கூலரின் உயரம் 48 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதனால்தான் இந்த உலகத்தில் கிகாஹெர்ட்ஸுக்கு முன்னால் மில்லிமீட்டரைப் படிக்கச் சொல்கிறார்கள்.

2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 மூன்று ஸ்லாட் தடிமன், 450 வாட். இரண்டு ஸ்லாட் கார்டுக்காக வரைந்த டான் ஏ4-க்குள் அது நுழையவே நுழையாது. சதுரம் மட்டும் மாறவில்லை. ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் எல்லோரும் இன்றும் அதே 17 செ.மீ.யில் போர்டு செய்கிறார்கள், இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்கு. சி3-ஐ வடிவமைத்தது டெக்சஸில் இருந்த சென்டார் என்ற வியாவின் குழு. 2021-இல் 12.5 கோடி டாலர் கொடுத்து அந்தக் குழுவின் பொறியாளர்களைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது இன்டெல்.