ஒரு சின்னப் பதக்கம் சட்டத்தை மாற்றிய கதை



பெருநாள் நெருங்கினால் பிள்ளைகளுக்கு உடுப்போடு காப்பு, மாலை, தோடு எல்லாம் வாங்குவோம். எல்லோராலும் தங்கம் வாங்க முடியாது, பென்சிக் கடைச் சாமான்தான். அந்த மினுங்கும் உலோகம் எதனால் ஆனது என்ற கேள்வியை உலகம் மிகப் பிந்தித்தான் கேட்டது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அமெரிக்கா 1978 இலேயே விளையாட்டுச் சாமான்களின் வர்ணப்பூச்சில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. ஆனால் பிள்ளைகளின் உலோக நகைக்குச் சட்டத்தில் தனி வரம்பு இருக்கவில்லை. ஈயம் மலிவு. 327 பாகையில் உருகிவிடும், எந்த அச்சிலும் இலகுவாக வார்க்கலாம். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்?

2003 இல் ஒரிகன் மாநிலத்தில் 4 வயதுப் பையன் ஒருவன், காசு போட்டால் சாமான் விழும் இயந்திரத்தில் கிடைத்த பதக்கத்தை விழுங்கினான். அல்லாஹ்வின் அருளால் பிழைத்தான். அடுத்த வருடம் அப்படியான 15 கோடி நகைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள்.

2006 பெப்ரவரியில் மினியாபொலிஸ் நகரில் இன்னொரு 4 வயதுப் பையன் வாந்தியோடு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டான். வைரஸ் வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் நிலை மோசமாகித் திரும்ப வந்தான். எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் இதய வடிவப் பதக்கம் ஒன்று தெரிந்தது. இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 180 மைக்ரோகிராம் ஈயம். அக்காலத்தில் 10 என்றாலே கவலைக்குரிய அளவு. பிள்ளை மௌத்தானது. அந்தப் பதக்கத்தில் 99.1 சதவீதம் ஈயம். சிறுவர் சப்பாத்து வாங்கினால் ரீபொக் நிறுவனம் இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியில் தொங்கியது அது. 3 இலட்சம் சங்கிலிகள் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனம் 10 இலட்சம் டொலர் தண்டம் கட்டியது.

2008 இல் கடுமையான சட்டம் வந்தது. 2011 இல் ஈயத்தின் வரம்பு பத்து இலட்சத்தில் 100 பங்காகக் குறைந்தது.

கதை அங்கே முடியவில்லை. ஈயத்துக்குக் கதவை அடைத்ததும் சில உற்பத்தியாளர்கள் கட்மியத்தைப் பிடித்தார்கள். 2010 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பரிசோதித்த பதக்கங்களில் ஒன்றில் 91 சதவீதம் கட்மியம். அதுவும் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும் நஞ்சுதான். அதற்குப் பிறகுதான் கட்மியத்துக்கும் வரம்புகள் வந்தன.

நாம் எடுக்க வேண்டிய பாடம் இதுதான். சட்டம் பிந்தி வரும். பிள்ளையின் கை வாய்க்குப் போவது பிந்தாது. ஈய நகையை வெறுமனே அணிவதைவிட, சூப்புவதும் விழுங்குவதும்தான் பேராபத்து. வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைக்கும், கல்சியம் என்று நம்பி உடம்பு அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். பார்த்து, தூக்கி, நிறத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே உம்மாமாரே, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு மலிவு உலோக நகை வேண்டாம். நூல் காப்பு போதும், அழகாகவும் இருக்கும். நகையின் துண்டு ஒன்று காணாமல் போய், பிள்ளை வாந்தியும் எடுத்தால், வைத்தியரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.