வெளிநாட்டு காதலரை கல்யாணம் பண்ணி இந்தியாவிலேயே வாழ வைக்க முடியுமா? விசா முதல் குடியுரிமை வரை... முழு விவரம்!

ஆன்லைனில் பழக்கம், வெளிநாட்டில் படிக்கும்போது நட்பு, ஒரே கம்பெனியில் வேலை... எப்படித் தொடங்கினாலும், எல்லை தாண்டிய காதலில் ஒரு கட்டத்தில் வரும் கேள்வி ஒன்றுதான். "வீடியோ கால் எல்லாம் சரி, எப்போ ஒரே வீட்ல இருக்கப் போறோம்?"

கல்யாணம் பண்ணி அமெரிக்கா, கனடா போவது எப்படி என்று பலருக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டுத் துணையை இங்கே, தமிழ்நாட்டுக்கே அழைத்து வந்து நிரந்தரமாகத் தங்க வைக்க என்ன செய்ய வேண்டும்? படிப்படியாகப் பார்க்கலாம்.

காதலர் என்பதற்காக விசா கிடைக்குமா?

கிடைக்காது. அமெரிக்காவில் நிச்சயம் ஆனவர்களுக்கென்றே தனி விசா இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. லிவ்-இன் துணைக்கும் தனி விசா கிடையாது. தன்பாலினத் திருமணத்துக்கு சட்ட அங்கீகாரம் தர 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டதால், அந்த ஜோடிகளுக்கும் இந்த வழி திறக்கவில்லை.

ஆக, முதல் படி பதிவுத் திருமணம். மண்டபத்தில் தாலி கட்டினால் மட்டும் போதாது, கையில் சான்றிதழ் வேண்டும்.

எந்தச் சட்டத்தில் பதிவு செய்வது?

இருவரும் இந்துக்களாக இருந்தால் இந்து திருமணச் சட்டத்தில் பதிவு செய்யலாம். மற்றவர்கள் நாடுவது சிறப்புத் திருமணச் சட்டம், 1954. இதில் மதமோ நாடோ தடையில்லை. கவனிக்க வேண்டியவை இவை:

* ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.
* இருவரில் ஒருவராவது, நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் அதற்கு முன் 30 நாட்களாவது வசித்திருக்க வேண்டும். நீங்கள் அங்கே வசிப்பவர் என்றால் அதுவே போதும்.
* நோட்டீஸ் கொடுத்த பிறகு 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபனை வந்தால் விசாரணை நடக்கும்.
* நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்து 3 மாதங்களுக்குள் திருமணம் நடக்காவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
* திருமணத்தன்று 3 சாட்சிகள் தேவை.

வெளிநாட்டவர் தரப்பில் 'திருமணம் ஆகாதவர்' என்று அவரது நாடு தரும் சான்றிதழையும் சார்பதிவாளர் அலுவலகம் கேட்கும். விவாகரத்து ஆனவர் என்றால் அதற்கான நீதிமன்ற உத்தரவும் வேண்டும்.

பலர் சிக்கிக்கொள்வது அந்த 30 நாள் காத்திருப்பில்தான். மூன்று வார லீவில் வருபவரால் இதை முடிக்க முடியாது. 2022-ல் குமரி மாவட்டப் பெண்ணுக்கும் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மாப்பிள்ளைக்கும் இதே பிரச்சினை வந்தது. காத்திருப்புக் காலம் முடிந்தும் பதிவு நடக்காததால் மாப்பிள்ளை திரும்பிப் போக வேண்டியதாயிற்று. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக, வீடியோ கான்பரன்ஸ் மூலம் திருமணத்தை நடத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அது நீதிமன்றப் படியேறி வாங்கிய தீர்வு. எல்லா அலுவலகத்திலும் கேட்டவுடன் கிடைக்கும் வசதி அல்ல. குறைந்தது ஒன்றரை, இரண்டு மாதம் தங்கும்படி பயணத்தைத் திட்டமிடுவதே நல்லது.

கல்யாணம் முடிஞ்சுது... அடுத்து?

அடுத்தது எக்ஸ்-2 விசா. இந்தியக் குடிமக்களின் கணவர், மனைவி, பிள்ளைகளுக்கானது இது. திருமணச் சான்றிதழோடு வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம்.

டூரிஸ்ட் விசாவில் வந்து இங்கேயே கல்யாணம் செய்தவர்கள், விசா காலம் முடிவதற்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ எனப்படும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் விசாவை மாற்றித் தரக் கேட்கலாம். ஆனால் இது தானாகக் கிடைக்காது. உண்மையான திருமணம்தானா, இருவரும் சேர்ந்து வாழ்கிறார்களா, பின்னணி என்ன என்று விசாரித்த பிறகே முடிவு செய்வார்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான். சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது.

180 நாட்களுக்கு மேல் தங்கும் விசாவில் வருபவர், வந்த 14 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இந்த விசாவை வைத்துக்கொண்டு அனுமதி பெறாமல் வேலைக்குப் போகக் கூடாது.

விசா காலம் முடிந்தும் தங்கினால் என்ன ஆகும்? 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். "கல்யாணம்தான் ஆயிடுச்சே" என்று அசால்ட்டாக இருக்கக் கூடாது.

ஓ.சி.ஐ கார்டு யாருக்கு?

இந்தியாவில் கிரீன் கார்டு போல வெளிநாட்டுத் துணைக்கென்று ஒரு நிரந்தரக் குடியிருப்பு அட்டை இல்லை. கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்வது ஓ.சி.ஐ கார்டு. இந்திய வம்சாவளியினருக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியரை மணந்த வெளிநாட்டவரும் வாங்கலாம். நிபந்தனை: திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 2 ஆண்டுகள் நீடித்திருக்க வேண்டும். பாதுகாப்பு விசாரணையும் உண்டு. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்க கட்டணம் 15,000 ரூபாய்.

என்ன கிடைக்கும்?
* ஆயுள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து போகலாம்.
* எவ்வளவு நாள் தங்கினாலும் பதிவு தேவையில்லை.
* தனியார் வேலை, தொழில், படிப்பு, வீடு வாங்குவது எல்லாம் முடியும்.

என்ன கிடைக்காது?
* ஓட்டுரிமை, இந்திய பாஸ்போர்ட் கிடையாது. பொதுவாக அரசு வேலையும் கிடையாது.
* விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது.
* பத்திரிகைப் பணி, மதப் பிரசாரம் போன்றவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும்.

இரண்டு முக்கிய விஷயங்கள். ஒன்று, விவாகரத்து ஆனால் இந்தக் கார்டு ரத்தாகலாம். இரண்டு, பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களும், பெற்றோர், தாத்தா-பாட்டி, அவர்களது பெற்றோர் என யாராவது அந்த நாடுகளின் குடிமக்களாக இருந்தவர்களும் ஓ.சி.ஐ பெற முடியாது.

இந்தியக் குடியுரிமை எப்போ கிடைக்கும்?

இந்தியரை மணந்தவர் 7 ஆண்டுகள் இந்தியாவில் வசித்த பிறகு, 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவில் விண்ணப்பிக்கலாம். கணக்கு இப்படி: விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் முழுமையாகவும், அதற்கு முந்தைய 8 ஆண்டுகளில் மொத்தம் 6 ஆண்டுகளும் இங்கே வசித்திருக்க வேண்டும். ஓ.சி.ஐ கார்டு வாங்கி 5 ஆண்டுகள் ஆனவர்கள், விண்ணப்பத்துக்கு முன் 12 மாதங்கள் இங்கே வசித்திருந்தால் போதும்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. சொந்த நாட்டுக் குடியுரிமையை விட்டால்தான் இது கிடைக்கும். அங்குள்ள பென்ஷன், சொத்து, பெற்றோரைப் பார்க்கப் போகும் வசதி எல்லாவற்றையும் யோசித்து முடிவெடுங்கள். இதனாலேயே ஓ.சி.ஐ-யோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு.

இலங்கைத் தமிழரை மணந்தால்?

முறையான பாஸ்போர்ட், விசாவில் வந்த இலங்கைக் குடிமகன் என்றால் மேலே சொன்ன வழிகளில் முயலலாம். ஆனால் போர்க் காலத்தில் ஆவணமின்றிப் படகில் வந்து முகாம்களில் வாழ்பவர்களின் நிலை வேறு. செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் வந்தவரைச் சட்டம் 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' என்கிறது. அவர்களால் திருமணத்தின் அடிப்படையில் குடியுரிமை கேட்க முடியாது.

பிள்ளைகளையும் இது பாதிக்கும். 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே இந்தியர் ஆக வேண்டுமென்றால், பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாதவர் என்றிருக்க வேண்டும். இந்த நிலையில் உள்ளவர்கள் வழக்கறிஞரின் ஆலோசனையோடு நகர்வது அவசியம்.

சுருக்கமாக...

* பதிவுத் திருமணம்: குறைந்தது 30 நாள் காத்திருப்பு
* எக்ஸ்-2 விசா: சான்றிதழ் கிடைத்தவுடன்
* ஓ.சி.ஐ கார்டு: திருமணத்துக்கு 2 ஆண்டுகள் கழித்து
* குடியுரிமை: 7 ஆண்டு வசிப்புக்குப் பிறகு

சேர்ந்து வாழ்வதற்கான ஆதாரங்களை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். வாடகை ஒப்பந்தம், ஜாயின்ட் அக்கவுன்ட், பயண டிக்கெட், போட்டோ எல்லாம் உதவும். கட்டணமும் படிவங்களும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் உள்துறை அமைச்சகத்தின் அதிகாரப்பூர்வ தளங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். "ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம்.