மன்னரை நம்பியவர் கிளர்ச்சிக்காரர் ஆனது எப்படி? பெஞ்சமின் பிராங்க்ளினின் அரசியல் பயணம்

அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருப்பது யாருடைய முகம்? பலரும் டக்குனு சொல்லிடுவாங்க: பெஞ்சமின் பிராங்க்ளின்.

1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் அவர்தான் ஆக மூத்தவர். அப்போது அவருக்கு வயது 70.

ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அவர் பிரிட்டிஷ் மன்னரின் விசுவாசி. அப்புறம் என்னதான் நடந்துச்சு?

அரசியலுக்கு எப்படி வந்தார்?

1706இல் பாஸ்டன் நகரில், மெழுகுவர்த்தி செய்து விற்றவரின் மகனாகப் பிறந்தார். 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். அங்கே அச்சுத் தொழிலில் முன்னேறி, சொந்தமாகச் செய்தித்தாள் நடத்தினார்.

1736இல் பென்சில்வேனியா சட்டமன்றத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. உறுப்பினர்களின் பேச்சைக் கேட்டு அலுத்துப்போன நேரத்தில் எண் கட்டங்கள் போட்டுக்கொண்டிருப்பாராம். ஆனால் அந்த வேலை சும்மா இல்லை. சட்டங்களையும் காகிதப் பணத்தையும் அச்சிடும் ஒப்பந்தங்கள் அதன் வழியே வந்தன. அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்பதையும் பக்கத்தில் இருந்தே பார்த்தார்.

1747இல் எதிரிக் கப்பல்கள் டெலவேர் ஆற்றுப் பக்கம் வந்து அச்சுறுத்தின. போரை ஏற்காத குவேக்கர் சமயத்தினர் சட்டமன்றத்தில் செல்வாக்கோடு இருந்ததால் படை எதுவும் இல்லை. பிராங்க்ளின் துண்டுப் பிரசுரம் எழுதி மக்களை அழைத்தார். ஆயிரக்கணக்கானோர் தொண்டூழியப் படையில் சேர்ந்தனர். 1751இல் அவரே சட்டமன்ற உறுப்பினர் ஆனார்.

காலனிகளை ஒன்றுசேர்க்க முயன்றாரா?

ஆமாம், ஆனால் பிரிந்துபோக இல்லை!

1754இல் பிரெஞ்சுப் படைகளின் மிரட்டல் அதிகரித்தது. 7 காலனிகளின் பிரதிநிதிகள் ஆல்பனி நகரில் கூடினர். பிராங்க்ளின் ஒரு திட்டத்தை முன்வைத்தார். மன்னர் நியமிக்கும் தலைவர் ஒருவர், காலனிகள் தேர்ந்தெடுக்கும் பொது மன்றம் ஒன்று. பேரரசைப் பலப்படுத்துவதே நோக்கம்.

காலனிகள் அதிகாரத்தை விட்டுத்தர விரும்பவில்லை. லண்டனும் கண்டுகொள்ளவில்லை. திட்டம் அப்படியே கிடப்பில் போனது.

லண்டனில் என்ன செய்தார்?

பென்சில்வேனியா அப்போது பென் குடும்பத்தின் சொத்து மாதிரி. ஆனால் தங்கள் நிலங்களுக்கு வரி கட்ட அந்தக் குடும்பம் மறுத்தது. அதை எதிர்த்து வாதாட 1757இல் சட்டமன்றம் பிராங்க்ளினை லண்டனுக்கு அனுப்பியது.

1764இல் இரண்டாம் முறை போனார். இம்முறை கோரிக்கை: பென் குடும்பத்தை விலக்கிவிட்டு மன்னரே நேரடியாக ஆள வேண்டும். மன்னர்மீது அந்த அளவுக்கு நம்பிக்கை!

எங்கே கணக்கு தப்பியது?

1765இல் பிரிட்டன் முத்திரை வரிச் சட்டம் கொண்டுவந்தது. செய்தித்தாள், பத்திரம், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் வரி. பிராங்க்ளின் முதலில் எதிர்த்தார். ஆனால் சட்டம் நிறைவேறிய பிறகு, வேறு வழியில்லை என்று நினைத்து, முத்திரை விநியோகிக்கும் பதவிக்குத் தம் நண்பரையே பரிந்துரைத்தார்.

ஊரில் கோபம் கொதித்தது. அவர்தான் சட்டத்துக்கு உடந்தை என்று பேச்சு பரவியது. பிலடெல்பியாவில் அவருடைய புது வீட்டைத் தாக்கப் போவதாக மிரட்டல் வந்தது. மனைவி டெபரா வீட்டைவிட்டு நகர மறுத்தார். உறவினர்களோடு துப்பாக்கி வைத்துக்கொண்டு காவலிருந்தார்.

மக்களின் மனநிலை பிராங்க்ளினுக்கு அப்போதுதான் புரிந்தது. 1766 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 170க்கும் அதிகமான கேள்விகளுக்குப் பதிலளித்தார். அடுத்த மாதமே சட்டம் ரத்தானது. காலனிகளின் குரலாக அவர் பெயர் உயர்ந்தது. பின்னர் ஜார்ஜியா, நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் காலனிகளுக்கும் அவரே லண்டன் பிரதிநிதி.

உறவு முறிந்த நாள் எது?

மாசசூசெட்ஸ் ஆளுநர் ஹட்சின்சன் எழுதிய பழைய கடிதங்கள் சில பிராங்க்ளின் கைக்கு வந்தன. காலனி மக்களின் உரிமைகளைக் குறைக்க வேண்டும் என்ற கருத்து அவற்றில் இருந்தது. 1772இல் அவற்றை பாஸ்டனுக்கு அனுப்பினார். அச்சிடக் கூடாது என்று சொல்லியும் மறு ஆண்டு அவை வெளியாயின.

1774 ஜனவரி 29. மன்னரின் ஆலோசனை மன்றத்தின் முன் அவர் நிறுத்தப்பட்டார். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்ட செய்தி லண்டனுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அரசாங்க வழக்கறிஞர் வெடர்பர்ன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவரைத் திட்டித் தீர்த்தார். கூடியிருந்த பிரபுக்கள் சிரித்தனர். பிராங்க்ளின் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நின்றார். உடனடியாக அவருடைய அஞ்சல் துறைப் பதவியும் பறிபோனது.

அதன் பிறகும் ஓராண்டு லண்டனில் தங்கிச் சமரசம் பேசினார். பலனில்லை. 1775 மே 5ஆம் தேதி பிலடெல்பியாவில் இறங்கினார். அவர் கடலில் இருந்தபோதே போர் தொடங்கிவிட்டது. மறுநாளே காலனிகளின் மாமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதற்குக் கொடுத்த விலை?

அவர் லண்டனில் இருந்தபோதே, 1774 டிசம்பரில், டெபரா இறந்துபோனார்.

மகன் வில்லியம் நியூ ஜெர்சியில் மன்னர் நியமித்த ஆளுநர். அப்பா மாறினார், மகன் மாறவில்லை. 1776இல் கிளர்ச்சியாளர்கள் வில்லியமைக் கைது செய்தனர். போருக்குப் பிறகு அப்பாவும் மகனும் ஒருமுறை சந்தித்தாலும், பழைய பாசம் திரும்பவே இல்லை.