எந்த 2.4? – திறமூல மென்பொருளில் எண்ணும் நாளும்



கணினியில் உள்ள எந்த மென்பொருளைப் பார்த்தாலும் அதன் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் நிற்கும். அநேகமானோர் அதை வாசிப்பதில்லை. ஆனால் உலகெங்கும் சிதறியிருக்கும் தொண்டர்கள் சேர்ந்து எழுதும் திறமூல மென்பொருளில், அந்த எண்ணுக்காகவும் அது வெளிவரும் நாளுக்காகவும் பெரிய வாக்குவாதங்களே நடந்திருக்கின்றன.

1991 இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், 1.0 என்ற எண்ணை 1994 மார்ச்சில்தான் பெற்றது. பின்னர் ஒரு வழக்கம் வந்தது. நடு எண் இரட்டை என்றால் நம்பிப் பாவிக்கலாம். ஒற்றை என்றால் பரிசோதனைக்கு மட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2001 ஜனவரியில் 2.4 வந்தபின், 2.6 வருவதற்கு 2003 டிசம்பர் ஆகிவிட்டது. இடையில் புதிய வசதிகள் எல்லாம் 2.5 இல் அடைபட்டுக் கிடந்தன. லினக்ஸை விநியோகித்த நிறுவனங்கள் பொறுக்கமாட்டாமல் அவற்றில் வேண்டியதை எடுத்துத் தங்கள் 2.4 இல் ஒட்டுப்போட்டன. இரண்டு கணினிகளிலும் 2.4 என்றே இருக்கும். உள்ளே இருப்பது வேறு வேறு. எண் இருந்தும் எந்த 2.4 என்று கேட்க வேண்டிய நிலை. அதன்பின் இந்த ஒற்றை, இரட்டை முறையைக் கைவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு வெளியீடு என்று மாறினார்கள். இன்றும் அப்படித்தான்.

டெபியனின் கதை இன்னும் கடினமானது. 2002 யூலையில் 3.0 வந்தது. அடுத்த 3.1, 2005 யூன் 6 அன்று வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்! சோம்பல் காரணமல்ல. பதினொரு வகைக் கணினிகளுக்கும் ஒரேயடியாகத் தயாராக வேண்டும், நிறுவும் முறையையே புதிதாக எழுத வேண்டும், 'தயாரானதும் வெளிவரும்' என்பதே கொள்கை. அந்தக் கொள்கையில் நேர்மை உண்டு. ஆனால் இடையில் புதுக் கணினி வாங்கியவர் என்ன செய்வது? பழைய 3.0 அதன் பாகங்களை அடையாளம் காணாமல் நின்றது.

அந்த இடைவெளியில்தான் உபுண்டு நுழைந்தது. தென்னாபிரிக்கரான மார்க் சட்டில்வேர்த், டெபியனையே அடித்தளமாக எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்று நாள் குறித்தார். 2004 ஒக்டோபரில் வந்த முதல் பதிப்பின் எண் 4.10. ஆண்டும் மாதமும், அவ்வளவுதான். 2011 வரை கேட்டவருக்கு இறுவட்டைத் தபாலில் இலவசமாகவே அனுப்பினார்கள். 2006 ஏப்ரலில் வரவேண்டிய 6.04 ஆறு வாரம் பிந்தியபோது எண்ணையே 6.06 என்று மாற்றினார்கள். பிந்தியதை மறைக்க இடமில்லாத எண் அது. அதனாலேயே எனக்குப் பிடித்தது.

இந்த நாட்கணக்கு க்னோம் என்ற திட்டத்தில் முன்பே இருந்தது. அங்கே வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பே திரையில் வரும் சொற்களை மாற்றுவதை நிறுத்திவிடுவார்கள். வேலை முடிந்து வந்து, இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தமிழாக்கம் செய்யும் தொண்டருக்கு அந்த வாரங்கள்தான் உயிர். நாள் தெரியாவிட்டால் மொழிபெயர்த்த சொல் மறுநாளே மாறிப்போகும்.

2014 ஏப்ரல் 7 அன்று எண் வேறு விதமாக உதவியது. கடவுச்சொற்களை இரகசியமாக அனுப்ப உதவும் ஓப்பன் எஸ்எஸ்எல் மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இருப்பது அன்று வெளியானது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை ஆபத்து, 1.0.1ஜி இல் திருத்தம். பழைய 0.9.8 ஐ மாற்றாமல் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள் என்பது வேடிக்கை. டெபியன்காரர் 1.0.1ஈ யையே வைத்துக்கொண்டு, திருத்தத்தை அதில் சேர்த்து, எண்ணின் வாலை மட்டும் மாற்றினார்கள். வாலை வாசிக்காதவர் வீணாகப் பயந்திருப்பார்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் பாவித்துவிட்ட பழைய மடிக்கணினியில் உபுண்டு 18.04 இருக்கலாம். அது 2018 ஏப்ரலில் வந்தது. வழமையான ஐந்தாண்டுப் பராமரிப்பு 2023 மே மாதத்துடன் முடிந்துவிட்டது. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பதற்கு முன் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.